தென்னாப்பிரிக்காவில் பிறந்த எங்கள் மகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்: எதை முதலில் செய்வது, பெயரை எப்படிப் பதிவது?

கேள்வி: மிட்ராண்ட் தந்தை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் மன்னார்குடியைச் சேர்ந்தவர்கள். இப்போது மிட்ராண்டில் குடியிருக்கிறோம். எனக்குச் சிறப்புத் திறனாளர்களுக்கான வேலை விசா இருக்கிறது. என் மனைவி என்னைச் சார்ந்து வாழ்பவர் என்ற முறையில் விசா பெற்றிருக்கிறார். இருவரும் இந்தியக் குடிமக்கள். இருவருடைய பாஸ்போர்ட்டும் இன்னும் சில ஆண்டுகளுக்குச் செல்லும். மூன்று வாரங்களுக்கு முன் ஜோகனஸ்பர்க்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். மருத்துவமனையில் பிறப்பை உறுதிசெய்யும் படிவம் ஒன்றைக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குமேல் இன்னும் எதுவும் செய்யவில்லை.

என் மாமியார் ஊரில் உடல்நலம் குன்றி இருக்கிறார். பேத்தியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தினமும் தொலைபேசியில் கேட்கிறார். ஆகவே குழந்தைக்குக் கூடிய விரைவில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ஆனால் விசாரித்த இடமெல்லாம் வெவ்வேறு பதில் வருகிறது. இந்த மண்ணில் பிறந்ததால் அவள் தென்னாப்பிரிக்கக் குடிமகள்தான், இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே கிடைக்கும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். இன்னொருவரோ, இங்கு தரப்படும் பிறப்புச் சான்றிதழில் அடையாள எண் இருக்காது, அதை இந்தியத் தூதரகம் ஏற்காது என்று அச்சுறுத்துகிறார். பிறப்புச் சான்றிதழே இல்லாமல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துத் தருவதாக ஒரு முகவர் பெரும் தொகை கேட்கிறார்.

பெயர் குறித்தும் எங்களுக்குக் கவலை இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. என் சொந்தப் பெயர் மட்டுமே முதற்பெயர் இடத்தில் அச்சாகியிருக்கிறது. மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய தந்தையின் பெயர் குடும்பப்பெயராக இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி என் பெயர் மகளுக்குத் தலைப்பெழுத்தாக வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இங்குள்ள அலுவலகத்தில் இது ஏற்கப்படுமா? இந்த வழியில் முன்பே சென்று வந்தவர்கள் எதை முதலில், எதை அடுத்து செய்ய வேண்டும் என்று தெளிவுபடுத்தினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சாட்ஸ்வொர்த் அண்ணன்

தம்பிக்கு வணக்கம். தாயும் சேயும் நலமாக இருக்க எங்கள் வாழ்த்துகள். அந்த முகவருக்கு ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உங்கள் மகளுக்குப் பாஸ்போர்ட் பெற நேர்வழி எதுவும் கிடையாது. வேறு வழியில் வாங்கித் தந்தாலும், அது பின்னாளில் அந்தக் குழந்தையின் தலையில்தான் விடியும்.

உங்களுக்கு இப்போது முதல் கெடு பாஸ்போர்ட்டுக்கு அல்ல, பிறப்புப் பதிவுக்கே. தென்னாப்பிரிக்காவின் 1992ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 30 நாட்களுக்குள் ஹோம் அஃபேர்ஸ் எனப்படும் இந்நாட்டு உள்துறையின் அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். மூன்று வாரம் கடந்துவிட்டதால் இந்த வாரமே செல்லுங்கள். 30 நாள் தாண்டினால் கதவு அடைபட்டுவிடாது. ஆனால் அது தாமதப் பதிவு என்ற கணக்கில் சேர்ந்து, ஏன் தாமதம் என்ற விளக்கமும் கூடுதல் ஆவணங்களும் கேட்கப்படும். இந்த ஊரில் வெளிநாட்டவராக இருந்துகொண்டு தாமதப் பதிவுக்கு அலைவது மிகுந்த சிரமம் தருவது. பல குடும்பங்கள் அதில் தவித்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

செல்லும்போது இருவரும் சேர்ந்தே செல்லுங்கள், குழந்தையையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனை தந்த படிவம், இருவரின் அசல் பாஸ்போர்ட், அவற்றில் உள்ள செல்லுபடியாகும் விசா, திருமணச் சான்றிதழ் ஆகியவை கையில் இருக்க வேண்டும். அங்கு நீங்கள் நிரப்பும் படிவத்தின் எண் டி.எச்.ஏ-24. பெற்றோரின் கைரேகையும் குழந்தையின் ரேகையும் அதில் பதிவாகும். திருமணச் சான்றிதழைப் பற்றி மட்டும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் தாலி கட்டியபோது தந்த ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் திருமணப் பதிவு கட்டாயம். அந்தச் சார்பதிவாளர் சான்றிதழே இங்கு செல்லும். அது தமிழில் மட்டும் இருந்தால், இங்குள்ள உயர் நீதிமன்றம் நியமித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். திருமணம் நிரூபணமானால்தான் தந்தையின் பெயர் சிக்கலின்றி ஏறும்.

குடியுரிமைக்கு வருகிறேன். உங்கள் அலுவலக நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறு. தென்னாப்பிரிக்காவில் பிறப்பதால் மட்டும் குடியுரிமை வந்துவிடுவதில்லை. 1995ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 2010இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2013 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பெற்றோரில் ஒருவராவது தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருந்தால் குழந்தை பிறப்பாலேயே குடிமகன். இருவருமே வெளிநாட்டவராக இருந்தால், அவர்கள் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களானாலும் சரி, உங்களைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்களானாலும் சரி, குழந்தை 18 வயது நிறைந்த பிறகுதான் குடியுரிமை குறித்துப் பேச முடியும். பிறந்த நாள் முதல் அந்த வயதுவரை இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், பிறப்பு முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பவை இரண்டும் அதற்கான நிபந்தனைகள்.

எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கு பிறக்கும் குழந்தை இந்த நாட்டுக் குடிமகன் ஆகும் என்று அதே சட்டத்தின் 2ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. இதைக் காட்டி, இந்தியத் தூதரகத்தில் பதியாமல் விட்டுவிட்டால் இங்கு குடியுரிமை கிடைத்துவிடும் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இதை நம்பிக் கெட்டவர்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அந்த உட்பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாமலும், அதைப் பெறும் உரிமையும் இல்லாமலும் இருக்கும் குழந்தைக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் மகளுக்கு இந்தியக் குடியுரிமை பெறும் உரிமை இருக்கிறது. நீங்கள் பதியாமல் விட்டால் இரண்டு நாடும் அவளுக்குச் சொந்தமில்லாமல் போகும்.

இந்தியச் சட்டத்தில்தான் இரண்டாவது கெடு இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு வம்சாவளியாகக் குடியுரிமை தருகிறது. தந்தை அல்லது தாய், இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் அது தானாக வருவதில்லை. குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அந்தப் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். ஓராண்டு கடந்தால் தில்லியில் மத்திய அரசின் அனுமதி பெற்ற பிறகே பதிய முடியும். எங்கள் பகுதியில் கோயில் அர்ச்சகராக ஒப்பந்தத்தில் வந்த ஒருவரின் மகனுக்கு இப்படித்தான் ஆனது. ஹோம் அஃபேர்ஸ் சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பையன் நடக்கத் தொடங்கிப் பேசத் தொடங்கிய பிறகும் கோப்பு தில்லியில் நின்றது. ஒப்பந்தம் முடிந்து தந்தை ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க, அந்தத் தாய் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அடையாள எண் பற்றிய பயம் வேண்டாம். தற்காலிக விசாவில் உள்ள வெளிநாட்டவரின் குழந்தைக்கு இங்கு தரப்படுவது டி.எச்.ஏ-19 எனப்படும், பெரும்பாலும் கையால் எழுதப்பட்ட சான்றிதழ். அதில் அடையாள எண் இராது. அது குறை அல்ல. குழந்தை இந்நாட்டுக் குடிமகள் அல்ல என்பதற்கே அது சான்று, இந்தியத் தூதரகத்துக்கும் தேவைப்படுவது அதுதான். பெற்றோர் இருவரின் விவரமும் அந்தச் சான்றிதழில் முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஹோம் அஃபேர்ஸில் பிறப்புப் பதிவு, பின் இந்தியத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, அதன் பின் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்த பிறகு குழந்தைக்குத் தென்னாப்பிரிக்க விசா. இந்த வரிசை மாறக் கூடாது. பிரிட்டோரியாவில் தூதரகமும், ஜோகனஸ்பர்க், டர்பன், கேப் டவுன் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் பகுதி எதன் எல்லைக்குள் வருகிறதோ அங்குதான் விண்ணப்பிக்க வேண்டும்.

பதில்: பிரிட்டோரியா அம்மா

அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது அங்குதான்.

முதற்பெயரும் குடும்பப்பெயரும் இல்லாமல் இந்நாட்டில் பிறப்பைப் பதிய முடியாது. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. திருமணமான பெற்றோரின் குழந்தைக்குத் தந்தையின் குடும்பப்பெயரோ, தாயின் குடும்பப்பெயரோ, இரண்டையும் இணைத்தோ இடலாம். இதை நம் வழக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒருவருக்குச் செந்தில் என்று பெயர், அவர் தந்தை பெயர் கருப்பசாமி, மகள் பெயர் யாழினி என்று வைத்துக்கொள்வோம். செந்தில் தன் பாஸ்போர்ட்டில் கருப்பசாமி என்பதைக் குடும்பப்பெயராக வைத்திருந்தால், இங்கு மகள் யாழினி கருப்பசாமி என்றுதான் பதிவாவாள். தாத்தாவின் பெயர் பேத்திக்கு வந்துவிடும். செந்தில் விரும்பும் தலைப்பெழுத்து வராது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. என் மாமனாருக்கு அதில் மகிழ்ச்சி என்பது வேறு செய்தி.

உங்கள் நிலைமை வேறு, ஐயா. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருப்பதால், உங்கள் ஒரே பெயரைக் குழந்தையின் குடும்பப்பெயராக எழுதித் தருமாறு நீங்கள் கேட்கலாம். அப்படிப் பதிவானால் உங்கள் விருப்பப்படியே அமைந்துவிடும். ஆனால் முகப்பில் இருக்கும் அலுவலருக்கு நம் பெயர் முறை தெரிந்திருக்காது. தாயின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் தெளிவாக இருப்பதைப் பார்த்து, அவர் அதையே எழுதிவிடக்கூடும். ஆகவே படிவத்தைக் கொடுக்கும் முன்பே, உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டி, பொறுமையாக விளக்குங்கள். தலைப்பெழுத்தை ஓர் எழுத்தாக மட்டும் எங்கும் எழுத விடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரித்தே எழுதப்பட வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயரே இல்லாமல் குழந்தைக்கு ஒற்றைப் பெயர் வைக்க நேர்ந்தாலும் அதை ஏற்காதீர்கள் என்றே சொல்வேன். இந்தியப் பாஸ்போர்ட் ஒற்றைப் பெயரை அனுமதிக்கும். ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா தருவதைக் கட்டுப்படுத்தியது. இங்கிருந்து சென்னைக்குப் போகும் நம்மில் பலர் துபாய் வழியாகவே போகிறோம். இடையில் ஓரிரு நாள் உறவினர் வீட்டில் இறங்கிப் போவதும் உண்டு. குழந்தை வளர்ந்து தன் பெயரோடு உலகம் சுற்ற வேண்டியவள், அவளுக்கு இந்தத் தடை எதற்கு?

சான்றிதழ் கைக்கு வந்ததும் முகப்பை விட்டு நகராமல் படியுங்கள். கையெழுத்தில் ஆங்கில 'யு'வும் 'என்'னும் ஒன்றுபோலத் தெரியும்; 'ஏ'யும் 'ஓ'வும் குழம்பும். நம் பெயர்களில் உள்ள ழகரத்துக்கு எழுதும் 'இசட்' என்ற எழுத்து 2 என்ற எண்ணைப் போல விழுந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தையின் தாய் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது, அதைத் திருத்தப் புதிய விண்ணப்பம் போட வேண்டும் என்றாகிவிட்டது. தாய், தந்தை பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பிறந்த ஊர் என எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இந்தச் சான்றிதழில் உள்ள எழுத்துதான் இந்தியப் பிறப்புப் பதிவிலும், பின் பாஸ்போர்ட்டிலும் அப்படியே ஏறப் போகிறது.

அடுத்து புகைப்படம். பச்சிளங்குழந்தைக்குப் புகைப்படக் கடை வேண்டாம். வெள்ளைத் துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் மெத்தையில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி குழந்தையைப் படுக்கவைத்து, மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தாங்கிப் பிடித்த கை எதுவும் படத்தில் விழக் கூடாது. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை முதலில் துடைத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு மை முகத்தின் அடையாளம் போலப் பதிந்து படம் திரும்பி வந்துவிடும். கையொப்பம் இடும் கட்டத்தில் குழந்தையின் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும்: ஆண் குழந்தைக்கு இடது கை, பெண் குழந்தைக்கு வலது கை. குழந்தை விழித்திருக்கும்போது முஷ்டியைத் திறக்கவே முடியாது. பால் குடித்து அயர்ந்து தூங்கும் நேரத்தில், மைத்திண்டில் விரலை மெல்ல ஒற்றி, கட்டத்தின் கோட்டைத் தொடாமல் நடுவில் வையுங்கள். முன்பே படிவத்தின் கூடுதல் நகல் எடுத்து வைத்திருப்பது நல்லது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நிரப்பி அச்செடுக்க வேண்டும். அதோடு, 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் தரும் உறுதிமொழி, இணைப்பு 'டி', இருவரும் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உங்கள் பாஸ்போர்ட்டுகளில் துணைவர் பெயர் ஏறியிருக்கவில்லை என்றால் திருமணச் சான்றிதழை இங்கும் எடுத்துச் செல்லுங்கள்.

பதில்: பீனிக்ஸ் மருமகள்

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுவல்ல என்றாலும், இதே பக்கத்தைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். என் கணவர் டர்பனில் பிறந்த தமிழர். 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு வந்ததைத் தொடர்ந்து, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வழியில் வந்த குடும்பம் அவர்களுடையது.

எங்களுக்கு மகன் பிறந்தபோது அவன் தந்தை வழியில் தென்னாப்பிரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான். அடையாள எண்ணோடு சான்றிதழும் வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் எடுத்துவிடலாமே என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அண்மையில் இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது, ஏனெனில் வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானாகப் பறிபோகும் என்ற சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மே 6 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தென்னாப்பிரிக்கச் சட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்தியச் சட்டத்தில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழந்தையின் பிறப்பைத் தூதரகத்தில் பதியவே முடியாது. அந்தப் பாஸ்போர்ட் எடுக்கும் முன் பதிந்திருந்தாலும், வேறு நாட்டுக் குடியுரிமையும் உள்ள பிள்ளை 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழந்துவிடும் என்று 4ஆம் பிரிவே சொல்கிறது.

நாங்கள் மகனுக்குத் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் எடுத்து, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற ஓ.சி.ஐ. அட்டை வாங்கினோம். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் குழந்தைக்கு அது கிடைக்கும். ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் பாட்டி வீட்டுக்குப் போய் வரலாம், படிக்கலாம். வாக்குரிமையும் விவசாய நிலம் வாங்கும் உரிமையும் கிடையாது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இதுவே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. என் கணவரைப் போன்ற நான்காம் தலைமுறையினருக்கும் இந்த அட்டை உண்டு. கொள்ளுத்தாத்தா இந்திய மண்ணைச் சேர்ந்தவர் என்பதை நிரூபிக்க, டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள கப்பல் பதிவேடுகள் பலருக்கு உதவியிருக்கின்றன.

மறுமொழி: மிட்ராண்ட் தந்தை

அண்ணன், அம்மா, சகோதரி மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சார்பதிவாளர் தந்த திருமணச் சான்றிதழ் ஆங்கிலத்திலும் இருக்கிறது; நாளைக் காலை இருவரும் குழந்தையோடு ஹோம் அஃபேர்ஸ் செல்கிறோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட் வந்தவுடன், குழந்தைக்கு இங்கு விசா எடுக்காமல் ஊருக்குப் போய் வர முடியுமா? என் மாமியாரின் நிலை மோசமானால் காத்திருக்க நேரம் இருக்காது. எனக்கு விடுப்பு கிடைக்காமல் மனைவியும் குழந்தையும் மட்டும் செல்ல நேரலாம். மற்றொன்று, 18 வயதில் குடியுரிமை கேட்கலாம் என்று அண்ணன் சொன்னார். இப்போது நாங்கள் இந்தியப் பாஸ்போர்ட் எடுப்பதால் அந்த வழி அவளுக்கு அடைபட்டுவிடுமா?

பதில்: சாட்ஸ்வொர்த் அண்ணன்

தம்பி, போவதற்கு வழி இருக்கும், திரும்பி வருவதில்தான் சிரமம். இந்தியப் பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய விசா கட்டாயம். இங்கு பிறந்த குழந்தைக்கும் அதுவே. விசா இல்லாமல் புறப்பட்டால், இங்கு அவள் எந்த அந்தஸ்தில் இருந்தாள் என்று குடியேற்ற அலுவலர் கேட்பார். பிறப்புச் சான்றிதழும் உங்கள் விசாவும் காட்டி விளக்க வேண்டியிருக்கும். திரும்பும்போது ஊரில் இருந்தபடியே அவளுக்கு விசாவுக்கு விண்ணப்பித்து, வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் தாயும் குழந்தையும் அங்கும் நீங்கள் இங்குமாகப் பிரிந்திருக்க நேரும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். நாள் இருந்தால், பாஸ்போர்ட் வந்த உடனேயே உங்கள் விசாவைச் சார்ந்து அவளுக்கும் இங்கேயே விண்ணப்பித்துவிடுவதுதான் முறை.

மிக அவசரம் என்றால் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அது இந்தியாவுக்குப் போவதற்கு மட்டுமே, ஒரு வழிப் பயணத்துக்கு. திரும்புவதற்கு ஊரில் பாஸ்போர்ட்டும் விசாவும் புதிதாக எடுக்க வேண்டும். பெரியவர் உயிர் ஊசலாடும் நிலையில் மட்டும் அதை நினையுங்கள்.

மனைவி மட்டும் குழந்தையோடு சென்றால், உங்கள் சம்மதத்தை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, உறுதிமொழி ஆணையர் முன் கையொப்பமிட்டு, உங்கள் பாஸ்போர்ட் நகலோடு கொடுத்தனுப்புங்கள். காவல் நிலையத்திலேயே அதைச் செய்து தருவார்கள். 2015இல் குழந்தைப் பயணத்துக்கான விதிகள் கடுமையானதிலிருந்து, பெற்றோர் இருவர் பெயரும் உள்ள அசல் பிறப்புச் சான்றிதழை விமான நிலையத்தில் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. நகலை நம்பிப் போகாதீர்கள்.

18 வயது வழி அடைபடாது. தென்னாப்பிரிக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் உள்ள 3ஆம் உட்பிரிவு, குழந்தையிடம் வேறு குடியுரிமை இருக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கவில்லை. 2013க்கு முன் பிறந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று இந்நாட்டு உள்துறை அமைச்சகம் வாதிட்டபோது, புளூம்ஃபொன்டெயினில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதை ஏற்கவில்லை. உங்கள் மகள் வயதுக்கு வந்ததும் விண்ணப்பிக்கலாம். அப்படித் தென்னாப்பிரிக்கக் குடிமகளானால் இந்தியக் குடியுரிமை போய்விடும். எது வேண்டும் என்று அப்போது அவளே தீர்மானிக்கட்டும். அதற்கு அவள் பிறந்தது முதல் இங்கேயே வாழ்ந்தாள் என்பதைக் காட்ட வேண்டும். ஆகவே தடுப்பூசி அட்டை, பள்ளி அறிக்கைகள், ஒவ்வொரு பழைய பாஸ்போர்ட், அதிலுள்ள ஒவ்வொரு விசா என எதையும் தூக்கி எறியாமல் ஒரே கோப்பில் வையுங்கள். விசா புதுப்பிக்கும்போது உங்களுடையதோடு அவளுடையதையும் தவறாமல் சேர்த்துப் புதுப்பியுங்கள்.

பதில்: பிரிட்டோரியா அம்மா

ஒன்று விட்டுப்போய்விட்டது. ஊரில் என்றாவது பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், தென்னாப்பிரிக்கப் பிறப்புச் சான்றிதழுக்குப் பிரிட்டோரியாவில் உள்ள வெளியுறவுத் துறையில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்கு உறுதி தரும் முத்திரை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாடுகளும் இந்த முத்திரையை ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த ஒரு முத்திரை இந்தியாவில் செல்லும். வெளியுறவுத் துறைக்குப் போகும் முன் ஹோம் அஃபேர்ஸில் சான்றிதழைச் சரிபார்த்துத் தருமாறு கேட்க வேண்டும். இங்கிருந்து குடிபெயர்ந்த பிறகு இதை வாங்குவது கடினம்.

நாளை ஹோம் அஃபேர்ஸில் கூட்டம் அதிகமாக இருக்கும். வாசல் திறக்கும் முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள், குழந்தைக்குப் போர்வையும் மாற்றுத்துணியும் எடுத்துச் செல்லுங்கள். கைக்குழந்தையோடு வந்திருக்கிறோம் என்று காவலரிடம் சொன்னால் பெரும்பாலும் முன்னே விடுவார்கள். பெயரை எப்படி எழுதினார்கள் என்பதை இங்கு வந்து சொல்லுங்கள்.